போயித்தியஸ்: சிறையில் பிறந்த தத்துவம் (கேள்வி பதில்)

கேள்வி: மேற்கு ரோமப் பேரரசு 476-லேயே முடிந்துவிட்டதே. அதற்குப் பிறகு பிறந்த போயித்தியஸை ஏன் ரோமானியத் தத்துவவாதி என்கிறோம்?

பதில்: பேரரசர்தான் போனார், செனட்டும் ரோமின் உயர்ந்த அரசுப் பதவியான கான்சல் பதவியும் போகவில்லை. இத்தாலியை ஆண்ட கோத் இன மன்னர் தியோடரிக் அவற்றை அப்படியே விட்டுவைத்தார். 480 வாக்கில் பிறந்த போயித்தியஸ் 510-இல் கான்சல் ஆனார். 522-இல் அவருடைய மகன்கள் இருவரும் ஒரே நேரத்தில் கான்சல்கள்.

கேள்வி: அப்படிப்பட்டவர் சிறைக்குப் போனது எப்படி?

பதில்: அல்பினஸ் என்ற செனட்டர் மீது ராஜதுரோகக் குற்றச்சாட்டு வந்தது. அவருக்காகப் போயித்தியஸ் பரிந்து பேச, பழி இவர் தலையிலும் விழுந்தது. எந்தச் செனட்டைக் காக்கப் பேசினாரோ அதுவே தனக்குத் தண்டனை விதித்தது என்று, சிறையில் எழுதிய 'தத்துவத்தின் ஆறுதல்' நூலில் புலம்புகிறார். படிக்கும்போதெல்லாம் மனதைப் பிசையும் இடம் அது. 524 வாக்கில் மரண தண்டனை.

கேள்வி: 'தத்துவத்தின் ஆறுதல்' படிக்கிறேன். கிறிஸ்தவர் எழுதியதில் கிறிஸ்துவின் பெயரே இல்லையே?

பதில்: இல்லைதான். ஆனால் திரித்துவம், அதாவது தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் கிறிஸ்தவக் கொள்கை பற்றித் தனியாகவே எழுதியவர் அவர். பகுத்தறிவு மட்டும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று இந்த நூலில் பார்க்க நினைத்தார் என்றே நான் வாசிக்கிறேன். அதனால்தான் நூலில் அவருக்கு ஆறுதல் சொல்லச் சிறைக்கு வருபவள் தத்துவம் என்னும் பெண்.

கேள்வி: நான் செய்யப்போவது கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால், என் முடிவு என்னுடையதா?

பதில்: ஐந்தாம் பாகம் முழுக்க இதுதான். அந்த 'முன்பே' என்ற சொல்லில்தான் சிக்கல் என்கிறார். நமக்குக் காலம் ஒவ்வொரு கணமாக வருகிறது. கடவுளுக்கோ எல்லாமே ஒரே நிகழ்காலம். சரி, தெருவில் ஒருவர் நடக்கிறார், அதே நேரம் சூரியன் உதிக்கிறது. இரண்டையும் நீங்கள் பார்க்கிறீர்கள். சூரியன் உதித்தே ஆக வேண்டும். அவரோ தன் விருப்பத்தில் நடக்கிறார். நீங்கள் பார்ப்பது அவரை நடக்க வைக்கவில்லை. கடவுளின் பார்வையும் அப்படித்தான் என்பது அவர் பதில். எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆனாலும், சாவுக்குக் காத்திருந்த மனிதர் இவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறாரே!

கேள்வி: அவர் விட்டுச் சென்றதில் எது பெரிது?

பதில்: பலர் 'ஆறுதல்' நூலைச் சொல்வார்கள். இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசர் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1593-இல் அரசி முதலாம் எலிசபெத்தும் மொழிபெயர்த்தார். நான் மொழிபெயர்ப்பாளர் போயித்தியஸைச் சொல்வேன். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் இருவரையும் முழுதாக லத்தீனில் தரத் திட்டமிட்டார், முடியவில்லை. ஆனால் கிரேக்கம் மறந்துபோன மேற்கு ஐரோப்பா, பல நூற்றாண்டுகள் அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தைப் படித்தது அவர் முடித்த பகுதிகள் வழியாகத்தான்.

கேள்வி: அவர் கல்லறை இருக்கிறதா?

பதில்: வட இத்தாலியில் பாவியா நகரின் சான் பியெத்ரோ தேவாலயத்தில், தரைக்குக் கீழுள்ள அறையில் இருக்கிறது. புனித அகுஸ்தீனின் கல்லறையும் அதே தேவாலயத்தில்தான். போனால் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.