“31 வந்திருக்கிறது, இது நோயா?”: பெற்றோர் வினாத்தாள் பற்றிய கேள்விகள்

குழந்தைகளின் பதற்றத்தை அளக்கப் பெற்றோர் கையில் கொடுக்கும் வினாத்தாள்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். பலர் “டாக்டர்” என்று அழைத்திருக்கிறீர்கள். நான் மருந்து எழுதுபவர் இல்லை, குழந்தை உளவியலாளர்.

கேள்வி: 9 வயது மகளுக்காக ‘ஸ்கேர்டு’ (SCARED) என்ற பதற்ற வினாத்தாளை நிரப்பினேன். கூட்டினால் 31. நோய் என்று அர்த்தமா?

இல்லை. அதில் 41 வரிகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். அதிகபட்சம் 82. 25-ஐத் தொட்டால் நேரில் பேசிப் பார்க்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அது சல்லடை; சலித்து நின்றதெல்லாம் கல் அல்ல. நான் முதலில் பார்ப்பது கூட்டுத்தொகையை அல்ல, அது எங்கிருந்து வந்தது என்பதை. பெற்றோரைப் பிரியும் பயத்துக்கு (பிரிவுப் பயம்) 5, பள்ளியைத் தவிர்ப்பதற்கு 3 என்று உட்பிரிவுகளுக்கும் தனித்தனி எல்லை உண்டு. எல்லா வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த 31 வேறு, பிரிவுப் பயத்திலும் பள்ளியிலும் குவிந்த 31 வேறு. இரண்டாவது என்றால் சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. நான் நிரப்பியதில் 33, அவனே நிரப்பியதில் 14. யார் சொல்வது உண்மை?

இருவரும்தான். இந்த வேறுபாடு உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. உளவியலாளர் அகன்பாக்கும் அவரது குழுவினரும் 1987-இல் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தாயும் தந்தையும் போல ஒரே நிலையில் இருப்பவர்களின் பதில்களுக்கிடையே சராசரி ஒப்புமை 0.60. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர் அவனைப் பற்றிச் சொல்வதற்கும் வெறும் 0.22. (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை.) அது உளப் பிரச்சினைகள் பலவற்றையும் சேர்த்த கணக்கு. பதற்றமோ உள்ளேயே ஓடுவது. அழுகை, அடம், வயிற்றுவலி உங்கள் கண்ணில் படும். விளக்கை அணைத்தபின் தலைக்குள் ஓடுவது படாது. அவன் பக்கத்திலும் மறைப்பு இருக்கலாம். 12 வயதில் “பயமாக இருக்கிறது” என்ற வரிக்கு நேராகக் குறியிடக் கூச்சம் வரும்.

சராசரி எடுத்து 23-24 என்று முடித்துவிடாதீர்கள். எந்தெந்த வரிகளில் பிரிகிறீர்கள் என்று பாருங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவனை விசாரிக்க மட்டும் வேண்டாம். அடுத்த முறை எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிடுவான்.

கேள்வி: வினாத்தாளில் எங்கள் மகளுக்கு வந்த மதிப்பெண் மிகக் குறைவு. ஆனால் அவளைத் தனியாக எங்கும் விடுவதில்லை, தூங்குவதும் எங்களோடுதான். பரவாயில்லைதானே?

வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். பயம் தலைகாட்டும் இடங்களையெல்லாம் நீங்கள் முன்கூட்டியே அடைத்துவிட்டீர்கள். பிறகு “பெற்றோரைப் பிரிந்தால் அழுகிறாளா?” என்று கேட்டால், பிரிந்ததே இல்லையே, எப்படி அழுவாள்? பொய் சொல்லாமலே பூஜ்யம் விழும். அன்பால் செய்வதுதான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் வீடு இப்படிப் பயத்துக்கு வளைந்து கொடுக்கக் கொடுக்க, பயம் குறையாமல் ஊன்றிக்கொள்கிறது. குடும்பம் எவ்வளவு வளைகிறது என்பதை அளக்கவே தனி வினாத்தாள் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

நான் பெற்றோரிடம் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. அதே தாளில் பென்சிலால் இன்னொரு முறை குறியுங்கள்: நாளையிலிருந்து ஒரு வாரம் நாங்கள் விட்டுக்கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்து. இதைக் கூட்டி எந்த எல்லையோடும் ஒப்பிடக் கூடாது. ஆனால் பேனாவுக்கும் பென்சிலுக்கும் நடுவே விழும் இடைவெளியைப் பார்த்ததும் பல அப்பாக்கள் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நானே எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். என் பயத்தை மகன் மேல் ஏற்றி நிரப்பிவிட்டேனோ?

இருக்கலாம். மனச்சோர்விலும் பதற்றத்திலும் இருக்கும் பெற்றோர் சற்றுக் கூடுதலாகக் குறிக்கலாம் என்ற விவாதம் நெடுநாளாக உண்டு. ஆனால் பதற்றம் குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால், உங்கள் கண்ணுக்குத்தான் அது சரியாகத் தெரிகிறது என்றும் சொல்லலாம். அவனுடைய அப்பாவும் ஆசிரியரும் தனித்தனியாக நிரப்பட்டும். இதையே உளவியலாளரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 4 வயதுக் குழந்தைக்கு ஸ்கேர்டு போதுமா?

வேண்டாம், அது 8 வயதுக்கு மேல். பள்ளி செல்லும் முன்பான வயதுக்கென 2001-இல் உளவியலாளர் ஸ்பென்ஸ் குழுவினர் 28 வரிகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார்கள். அந்த வயதில் இருட்டு, நாய், அந்நியர் பயமெல்லாம் வளர்ச்சியின் ஒரு பகுதி. அது விளையாட்டையும் தூக்கத்தையும் கெடுக்கிறதா என்பதே என் கேள்வி.

கேள்வி: ஆங்கில வினாத்தாளைக் கைபேசியில் தமிழாக்கி அம்மாவை நிரப்பச் சொன்னேன். எண்ணை நம்பலாமா?

எண்ணை நம்ப வேண்டாம். ‘பயம்’, ‘படபடப்பு’, ‘கவலை’ மூன்றும் மூன்று சரக்கு. இயந்திரம் எதை எங்கே போட்டதோ. பாட்டிமார் ‘அடிக்கடி’ என்பதும் நாம் ‘சில நேரம்’ என்பதும் ஒன்றாகவே இருந்துவிடும். எல்லை மதிப்பெண் மூலத் தாளுக்கு உரியது. முறையாக மொழிபெயர்த்து, மீண்டும் மூலமொழிக்குத் திருப்பிப் பார்த்து, குழந்தைகளிடம் சோதித்த பதிப்பு கிடைத்தால் மட்டும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் அம்மா சொன்ன உதாரணங்களை எழுதி எடுத்துப் போங்கள், அது எண்ணைவிட உதவும்.

கேள்வி: ஒன்றும் செய்யாமலே இரண்டு வாரத்தில் 31 என்பது 22 ஆகிவிட்டது. சரியாகிவிட்டதா?

அவசரப்படாதீர்கள். இரண்டாம் முறை நிரப்பும்போது எண் தானாகவே சற்று இறங்குவது வழக்கம். கவலை உச்சத்தில் இருக்கும் நாளில்தானே முதல் தாளைத் தேடி எடுக்கிறோம்! சிகிச்சை தொடங்குமுன் இரு முறை அளப்பது இதனால்தான். இரண்டு தாளையும் வைத்திருங்கள், ஓரத்தில் தேதியையும் அந்த வாரம் தேர்வா விடுமுறையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.