போக 2.45, வர 5.35: விமானம் வழியில் நிற்கிறதா?

கடையநல்லூரிலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: 'துபாயில் இருக்கும் மகன் டிக்கெட் அனுப்பியிருக்கிறான். திருவனந்தபுரத்தில் 12-ம் தேதி காலை 4.25-க்குக் கிளம்பி 7.10-க்குப் போய்ச் சேரும் என்று இருக்கிறது. திரும்பும்போது இரவு 9.50-க்கு ஏறினால் மறுநாள் 3.25-க்குத்தான் வருகிறது. வரும்போது எங்காவது இறங்கி மாற வேண்டுமா? வீட்டிலிருந்து எப்போது கிளம்ப?'

எங்கும் இறங்க வேண்டாம் அம்மா. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அங்கே 7.10 என்றால் கடையநல்லூரில் 8.40, உங்கள் மருமகள் இங்கே இரண்டாவது ஈடு இட்லி எடுத்துக்கொண்டிருப்பார். ஆக, போக 4.15 மணி நேரம். வரும்போது கணக்கில் கூடிவிட்ட ஒன்றரையைக் கழித்தால் 4.05.

திருவனந்தபுரத்திலிருந்து துபாய் ஆகாய வழியில் ஏறக்குறைய 2,950 கி.மீ. பயணிகள் விமானம் மேலே போனபின் மணிக்கு 850 கி.மீ. வாக்கில் பறக்கும். வெறும் பறத்தலுக்கே மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் நாலு. கிழக்கே திரும்பும்போது குளிர்காலத்தில் மேல்காற்று முதுகில் தள்ளும், பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சமாகும்.

நான் பயப்படுவது நேரத்துக்கு அல்ல, தேதிக்கு. 12-ம் தேதி அதிகாலை 4.25 என்றால் நீங்கள் வீட்டைப் பூட்டுவது 11-ம் தேதி ராத்திரி. என்னிடம் டிக்கெட் எடுத்த பெரியவர் ஒருவர், இதே மாதிரி அதிகாலை விமானத்துக்கு, அன்றைய பகல் முழுக்க எல்லோரிடமும் சொல்லிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வாடகை வண்டியில் ஏறினார். விமானம் போய்ப் பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது. அதிலிருந்து, டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போதே 'இந்த ராத்திரி கிளம்பணும்' என்று கிழமையோடு பேனாவால் எழுதிவிடுகிறேன்.

செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக உங்களுக்கு 120 கி.மீ. சொச்சம்தான். ஆனால் புளியரையில் லாரி வரிசை நின்றால் மலைப்பாதையில் முந்தவே முடியாது. நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் முன்னாலேயே நிலையத்தில் இருக்க வேண்டும், அதாவது 1.25. ராத்திரிச் சாப்பாட்டை முடித்து ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் சரி. டிரைவரிடம் 'சாக்கைப் பக்கம், வெளிநாட்டு முனையம்' என்று அழுத்திச் சொல்லுங்கள். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு முனையம், ஓடுபாதைக்கு மறுகரை, சுற்றி வர வேண்டும்.

அந்த ஓடுபாதையைத் தாண்டித்தான் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம், சாமியை நீராட்ட, கடலுக்குப் போகும். வருடத்தில் இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், சாயங்காலம் சில மணி நேரம் விமானமே கிடையாது. உங்கள் அதிகாலை விமானத்துக்கு அதனால் தொல்லை இல்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும்: பேரனுக்குக் குருமாப் பொடி அரைத்துக் கொண்டுபோவதாக இருந்தால் கசகசா சேர்க்காதீர்கள். அங்கே அது தடை செய்த பொருள், பிடித்தால் வழக்கு. அல்வாவைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.