கைப்பேசி வந்தும் கலையாத வரிசை

கேள்வி: 2020-இல் கோவிட் பரவலைத் தடுக்க மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் தாயார், அரசாங்க உதவித் தொகையை எடுப்பதற்காக எங்கள் பட்டணத்து வங்கிக் கிளையின் முன்னால் விடியற்காலையிலேயே போய் நின்றார். எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று வங்கிகள் சொன்ன அதே காலத்தில் அவ்வளவு நீண்ட வரிசை எதனால் ஏற்பட்டது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் தாயாருக்குத் தேவைப்பட்டது ரொக்கம், கைப்பேசியால் ரொக்கத்தைத் தர முடியாது. மாத வருமானம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத குடும்பங்களுக்கு அறிவிக்கப்பட்ட 1,600 ரிங்கிட், ஏப்ரலில் 1,000, மே மாதத்தில் 600 என்று பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டது. கணினிக்கு அது சிறிய வேலை. ஆனால் மளிகைக் கடையிலும் மீன் வண்டியிலும் காசு கொடுத்தே வாங்கிப் பழகிய தோட்டப் பட்டணத்தில், அந்தப் பணத்தை நோட்டாக மாற்ற ஊரே ஒரே வாரத்தில் புறப்பட்டது. கிளையோ, கூடல் இடைவெளிக்காக உள்ளே சிலரை மட்டுமே அனுமதித்தது.

இதைவிடப் பெரிய முடிச்சு டேக் (TAC) எனப்படும் ஒப்புதல் எண்ணில் இருந்தது. இணையத்தில் பணம் அனுப்பும்போது வங்கி அப்போது குறுஞ்செய்தியாக அனுப்பிய அந்த எண், எப்போதோ பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்குத்தான் போனது. நம்மவர்களோ பிரீபெய்ட் சிம்மை அடிக்கடி மாற்றுகிறவர்கள். புதிய எண்ணைப் பதிய வேண்டுமானால் பலர் அடையாள அட்டையுடன் நேரில் போக வேண்டியிருந்தது. தொலைபேசியில் சொன்னாலே மாற்றிவிடலாம் என்றிருந்தால் மோசடிக்காரனும் மாற்றிவிடுவான் என்பதால் அந்த விதியில் நியாயம் உண்டு. ஆனாலும், கிளைக்கு வராதீர்கள் என்று சொன்ன சேவையைத் தொடங்குவதற்கே கிளைக்கு வரவேண்டியிருந்தது என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

தொழில்நுட்பம் நன்றாக வேலை செய்த இடத்தையும் சொல்ல வேண்டும். மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்தபடி, 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆறு மாதங்களுக்குத் தனிநபர்களின் வங்கிக் கடன் தவணைகள் தாமாகவே ஒத்திவைக்கப்பட்டன. 90 நாளுக்கு மேல் நிலுவை வைக்காதவர்கள் மனுப் போட வேண்டியதில்லை, வரிசையில் நிற்க வேண்டியதுமில்லை. கடன்பற்று அட்டை மட்டும் இதில் சேரவில்லை. பின்னர் கார் கடனுக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் கேட்கப்பட்டதற்குக் காரணம், தவணையில் வாங்கும் வாகனங்களுக்கான 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டமே தவிர, கணினியின் கோளாறு அன்று. வாடிக்கையாளரிடம் எதையும் கேட்காமல் வங்கியே செய்து முடித்த வேலைதான் அந்த நெருக்கடியில் தோட்டத்து மக்களுக்கு உண்மையாகவே உதவியது என்பது என் கருத்து.

வேறு வங்கியின் ஏடிஎம்மில் பணம் எடுப்பதற்கான ஒரு ரிங்கிட் கட்டணத்தை அப்போது நிறுத்தி வைத்ததும் அத்தகையதே. இரண்டு மூன்று இயந்திரங்களே இருக்கும் பட்டணத்தில், எது காலியாக இருக்கிறதோ அதில் எடுக்க முடிந்தது. 2022 பிப்ரவரியில் அந்தக் கட்டணம் திரும்பி வந்துவிட்டது.

மீண்டும் ஒரு முடக்கம் வருமோ என்று அஞ்சினால், முதலில் தாயாரின் கணக்கில் எந்தத் தொலைபேசி எண் பதிவாகியுள்ளது என்று பாருங்கள். அடுத்து, உங்கள் பட்டணத்தில் வங்கி முகவராகச் செயல்படும் மளிகைக் கடை உள்ளதா என்று விசாரியுங்கள். இத்தகைய கடைகளில் சிறு தொகையைப் போடவும் எடுக்கவும் முடியும். அட்டையையும் ரகசிய எண்ணையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பும் நம் பழக்கம் மட்டும் வேண்டாம். பணம் காணாமற்போனால் வங்கி உங்களையே கைகாட்டும். எண்ணை மாற்றக் கிளைக்குத்தான் போகவேண்டும் என்றால், தோட்டச் சம்பளம் விழும் ஏழாம் தேதியை ஒட்டிப் போகாமல், மாத நடுவில், அடையாள அட்டையுடன் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.