யூனிடஸா, மொன்டானாவா, பிரேடியா? குவாட்டர்பேக் கேள்வி பதில்

அமெரிக்கன் ஃபுட்பாலில் குவாட்டர்பேக்குகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ரகம்: அவர் பெரியவரா, இவர் பெரியவரா? சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1955ல் ஆடியவரையும் 2020ல் ஆடியவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிக்கை பார்ப்பது வீண் வேலை. தன் காலத்தில் கூட ஆடியவர்களை விட ஒருவர் எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார் என்று பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

கேள்வி: எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும் அண்ணா. குவாட்டர்பேக் என்ன செய்வார், ஏன் எல்லாரும் அவரைப் பற்றியே பேசுகிறார்கள்?

பதில்: தாக்கும் அணியில் பந்து பெரும்பாலும் முதலில் அவர் கைக்குத்தான் வரும். பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுக்கலாம், தூரத்தில் ஓடுபவருக்கு எறியலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். முடிவெடுக்க இரண்டரை, மூன்று விநாடி கிடைத்தால் அதிகம், அதற்குள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நாலைந்து பேர் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். எறிந்ததைத் தன் ஆள் பிடித்துக் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், எதிரணி பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். இது போதும், மீதியைப் படித்துவிடலாம்.

கேள்வி: டாம் பிரேடி 649 டச்டவுன் பாஸ், ஜானி யூனிடஸ் 290. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. முதலில் ஆட்டங்களின் எண்ணிக்கை. யூனிடஸ் 1956ல் பால்டிமோர் கோல்ட்ஸுக்கு ஆட வந்தபோது ஒரு சீசனுக்கு 12 ஆட்டம்தான். 1961ல் 14 ஆயிற்று, 1978ல் 16, 2021ல் 17. பிரேடி 23 சீசன் ஆடினார். ஆனால் இதெல்லாம் சின்னக் கணக்கு, உண்மையான வித்தியாசம் விதிகளில் இருக்கிறது.

யூனிடஸ் காலத்தில், பந்து பிடிக்க ஓடுகிறவரை, பந்து காற்றில் ஏறும் வரை, தடுப்பாட்டக்காரர் வழி நெடுக இடித்துத் தள்ளிக்கொண்டே போகலாம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மெல் பிளவுண்ட் இதில் மன்னன், விதியை மாற்றியதே அவரால்தான் என்று இன்றும் அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறார்கள். 1978ல் 5 யார்டைத் தாண்டினால் தொடக் கூடாது என்றார்கள். அதே வருஷம், குவாட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளலாம் என்றும் ஆயிற்று. ஆக, பிடிப்பவருக்கு இடம், எறிபவருக்கு நேரம், இரண்டும் ஒரே வருஷத்தில் கிடைத்தன. 2004ல் அந்த 5 யார்டு விதியைக் கறாராகப் பார்க்கச் சொன்னார்கள், அந்த சீசனிலேயே பேய்ட்டன் மேனிங் 49 டச்டவுன் எறிந்து பழைய சாதனையை உடைத்தார். 2008ன் முதல் ஆட்டத்தில் பிரேடியின் முழங்கால் போனது, அடுத்த வருஷமே தரையில் கிடக்கும் தடுப்பாட்டக்காரர் குவாட்டர்பேக்கின் காலில் பாயக் கூடாது என்று விதி வந்தது. யூனிடஸுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

இனி அவர் காலத்தோடு ஒப்பிடுங்கள். 1959ல் 12 ஆட்டத்தில் 32 டச்டவுன். அதற்கு முன் ஒரு சீசனின் சாதனை 28, அது 1943ல் சிட் லக்மன் வைத்தது. அப்புறம் தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச்டவுன் பாஸ், 1960ல் நின்ற அந்தத் தொடரை 2012ல்தான் ட்ரூ பிரீஸ் தாண்டினார். எறிபவருக்குச் சாதகமாக இத்தனை விதி மாறிய பிறகும் 52 வருஷம் ஆயிற்று! இதில் இன்னொன்று, எந்த ஆட்டமுறை ஆடுவது என்று களத்தில் நின்று முடிவெடுத்ததும் யூனிடஸ்தான். 1994லிருந்து ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது, பயிற்சியாளர் காதில் சொல்லிவிடுகிறார்.

கேள்வி: அப்படியென்றால் பாஸர் ரேட்டிங் இருக்கிறதே சார், அது எல்லாரையும் ஒரே அளவுகோலில் காட்டுமே?

பதில்: காட்டாது. எறியும் திறனை ஒரே எண்ணில் சொல்லும் கணக்கு அது, 1973ல் அதை ஏற்றுக்கொண்டபோது 1960களின் ஆட்டங்களை வைத்து, சராசரி ஆட்டக்காரருக்கு 66.7 வரும்படி சூத்திரம் போட்டார்கள். இன்று லீக்கின் சராசரியே 90ஐ ஒட்டி நிற்கிறது. அந்தக் கணக்கில் கர்க் கசின்ஸ், ஜோ மொன்டானாவின் 92.3க்கு மேலே வந்துவிடுகிறார். கசின்ஸ் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் இதை நம்பி யாராவது மொன்டானாவை உட்கார வைப்பார்களா? தவிர, அந்தச் சூத்திரத்தில் ஓடி எடுத்த யார்டும் சேராது, பந்தோடு விழுந்து இழந்த யார்டும் சேராது. ஒரே சீசனில் ஆடும் இருவரை ஒப்பிட வேண்டுமானால் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஜோ நேமத் 173 டச்டவுன், 220 இன்டர்செப்ஷன். இவர் எப்படி ஹால் ஆஃப் ஃபேம் என்ற ஜாம்பவான்கள் பட்டியலில்?

பதில்: 1967ல் 14 ஆட்டத்தில் 4,007 யார்டு, அதற்கு முன் யாரும் 4,000ஐத் தொட்டதில்லை. சீசனின் சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்துக்குப் பெயர் சூப்பர் பௌல், வரலாற்றின் மூன்றாவது சூப்பர் பௌலில் ஜெயிப்பேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்து 16-7 என்று ஜெயித்தும் காட்டினார். 1970களில் லீக் முழுவதுமே டச்டவுனை விட இன்டர்செப்ஷன் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இருந்தாலும் என் பட்டியலில் முதல் பதினைந்துக்குள் அவர் வரமாட்டார்.

கேள்வி: டான் மரீனோவை எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். ஒரு சூப்பர் பௌல்கூட ஜெயிக்காதவர் எப்படிப் பெரிய ஆள் ஆவார்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1984க்கு முன்னால் ஒரு சீசனில் அதிகபட்ச டச்டவுன் பாஸ் 36. ஜார்ஜ் பிளாண்டா 1961லும் ஒய்.ஏ. டிட்டில் 1963லும் எடுத்தது. இருபது வருஷமாக அதை யாரும் அசைக்கவில்லை. 1984ல் மயாமி டால்ஃபின்ஸின் இந்த 23 வயதுப் பையன், இரண்டாவது சீசனிலேயே 48 எறிந்தார். ஒன்றிரண்டு கூட்டியல்ல, பன்னிரண்டு கூட்டி. அந்த வருஷம் அவருக்கு அடுத்து வந்த டேவ் கிரீக் எடுத்தது 32. யார்டு 5,084, அதை 2011 வரை யாரும் தாண்டவில்லை. தன் காலத்தை விட இவ்வளவு தூரம் முன்னால் போன வேறொரு சீசன் எனக்குத் தெரிந்து குவாட்டர்பேக் வரலாற்றில் இல்லை. 2013ல் மேனிங் எடுத்த 55ஐக்கூட நான் இதற்குக் கீழேதான் வைப்பேன்.

சூப்பர் பௌல் ஏன் வரவில்லை? அந்த சீசனின் கடைசியில் மொன்டானாவின் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 38-16 என்று தோற்றார்கள். அன்று டால்ஃபின்ஸ் ஓடி எடுத்தது மொத்தமே 25 யார்டு, அதாவது எதிரணிக்கு ஓட்டத்தைப் பற்றிக் கவலையே இல்லை, எல்லாரும் மரீனோவைத் துரத்தினால் போதும். அவருடைய 17 சீசனில் ஒரே முறைதான், 1996ல், அவர் அணியில் ஒருவர் 1,000 யார்டு ஓடினார். சூப்பர் பௌல் ஜெயித்தவருக்குக் கிடைக்கும் மோதிரம்தான் அளவு என்றால், ஒரு சூப்பர் பௌல் ஜெயித்த சாதாரண குவாட்டர்பேக்கான ட்ரெண்ட் டில்ஃபர் மரீனோவை விடப் பெரியவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கேள்வி: மொன்டானா 4 சூப்பர் பௌலில் தோற்றதே இல்லை. பிரேடி மூன்றில் தோற்றிருக்கிறார். பதில் சொல்லுங்கள் ப்ரோ.

பதில்: சூப்பர் பௌலுக்கு வந்து தோற்றதை, வழியிலேயே தோற்று வீட்டுக்குப் போனதை விட மோசமாகப் பார்க்கும் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டதே இல்லை. பிரேடி 10 முறை வந்து 7 ஜெயித்தார். ஸ்டீலர்ஸ் அணியின் முழு வரலாற்றிலும் 6தான்.

ஆனால் மொன்டானா அந்த நான்கில் ஆடிய விதம் தனி. 122 பாஸ், 11 டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. பந்து பிடிப்பதில் மன்னன் ஜெரி ரைஸ் கூட இருந்தாரே என்பார்கள், முதல் இரண்டு பட்டமும் ரைஸ் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டன. பயிற்சியாளர் பில் வால்ஷின் ஆட்டமுறை அவருக்கு அமைந்தது உண்மை, பிரேடிக்கும் பெலிசெக் அமைந்தாரே. எனக்கு முடிவைத் தீர்மானிப்பது சம்பள உச்சவரம்பு, அதாவது ஒரு அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற கட்டுப்பாடு. 1994ல்தான் அது வந்தது. அதற்கு முன் பணக்கார அணி நல்ல ஆட்களைக் கட்டிப்போட்டு வைத்துக்கொள்ளலாம், ஸ்டீவ் யங் மாதிரி ஒருவரை மாற்று ஆளாகவே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பிரேடியைச் சுற்றி இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் அணியையும் பயிற்சியாளரையும் மாற்றிக்கொண்டு 43 வயதில் டாம்பா பேயில் ஏழாவதை எடுத்தார். முழு வாழ்க்கைக்கும் பிரேடி. ஒரே ஒரு ஆட்டம், இன்று ஜெயித்தே ஆக வேண்டும் என்றால் மொன்டானாவைக் கூப்பிடுவேன்.

கேள்வி: ஆட்டோ கிரஹாம் என்று ஒருவரை அடிக்கடி சொல்கிறீர்களே, யார் அவர்?

பதில்: கிளீவ்லாந்து பிரவுன்ஸ், 1946 முதல் 1955 வரை 10 சீசன். பத்திலும் இறுதியாட்டம், ஏழில் பட்டம். முதல் நான்கு பட்டம் ஏ.ஏ.எஃப்.சி. என்ற போட்டி லீக்கில் வந்ததால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பார்கள். அந்த லீக் மூடப்பட்டு 1950ல் பிரவுன்ஸ் முக்கிய லீக்கான என்.எஃப்.எல்.லுக்கு வந்தபோது, முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் ஃபிலடெல்ஃபியாவை 35-10 என்று துவைத்தார்கள், அந்த வருஷப் பட்டத்தையும் எடுத்தார்கள். அப்போதே அந்த வாதம் செத்துவிட்டது. 1953ல் வாயில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டிக்கொண்டு அதே ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். அவருக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: ஆட்டமுறையை அவர் தீர்மானிக்கவில்லை, பயிற்சியாளர் பால் பிரவுன் வெளியிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். யூனிடஸை ஒரு படி மேலே வைப்பது அதனால்தான்.

கேள்வி: உங்கள் பழைய பெயர்கள் எல்லாமே வெள்ளைக்காரர்கள். கவனித்தீர்களா?

பதில்: கவனிக்காமல் இருக்க முடியாது, காலங்களை ஒப்பிடும்போது எல்லாரும் தாண்டிப் போகிற இடம் இது. 1968ல் டென்வருக்காக மார்லின் பிரிஸ்கோ 14 டச்டவுன் எறிந்தார், அடுத்த வருஷம் குவாட்டர்பேக் இடத்துக்குப் போட்டியிடவே விடவில்லை, பஃபலோவுக்குப் போய் ரிசீவராக, அதாவது பந்து பிடிப்பவராக ஆடினார். வாரன் மூன் 1978 ஜனவரியில் ரோஸ் பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர், ஆனால் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த வருஷ டிராஃப்ட்டில் யாரும் அவரை எடுக்கவில்லை. கனடா போய் எட்மன்டனுக்குத் தொடர்ந்து ஐந்து பட்டம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் 1984ல் ஹூஸ்டன் அழைத்தது. அதற்குப் பிறகும் என்.எஃப்.எல்.லில் 49,325 யார்டு எறிந்தார். அந்த ஆறு வருஷத்தைச் சேர்த்தால் அவர் எங்கே இருப்பார்? 2018ல்கூட லமார் ஜாக்சனை ரிசீவராக மாறச் சொன்னவர்கள் உண்டு, மறு வருஷமே அவர் ஓடி மட்டும் 1,206 யார்டு எடுத்து, ஒருமனதாக எம்.வி.பி., அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 1950க்கு முந்தைய சாதனைகளை நான் எப்போதும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்வதற்கு இதுவும் காரணம், திறமைசாலிகளில் ஒரு பெரிய பகுதிக்குக் கதவே திறக்கவில்லை.

கேள்வி: கன்சாஸ் சிட்டியின் மஹோம்ஸ் பிரேடியைப் பிடிப்பாரா?

பதில்: 2018 முதல் 2024 வரை ஏழு சீசனில் 5 சூப்பர் பௌல், 3 பட்டம். முதன்மை குவாட்டர்பேக் ஆன பிறகு பிரேடியின் முதல் ஏழில் 4 சூப்பர் பௌல், 3 பட்டம். அதுவரைக்கும் மஹோம்ஸ்தான் முன்னால். ஆனால் பிரேடி மீதி நான்கையும் 37 வயதிலும் அதற்குப் பிறகும் எடுத்தார், அதுதான் மலை. நேருக்கு நேர் வந்த ஒரே சூப்பர் பௌலில் 31-9 என்று தோற்றதும் மஹோம்ஸ் கணக்கில் இருக்கிறது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் முதல் ஐந்தைச் சொல்லுங்கள்.

பதில்: பிரேடி, மொன்டானா, யூனிடஸ், கிரஹாம், பேய்ட்டன் மேனிங். மஹோம்ஸ் ஆறாவது, மரீனோ ஏழாவது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம், மேனிங்கின் 5 எம்.வி.பி.யைத் தாண்டிய ஒருவரின் பெயரோடு வாருங்கள்.

கேள்வி: ஒரே ஒரு பழைய ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

பதில்: 1989 ஜனவரி, 23ஆவது சூப்பர் பௌல், சான் ஃபிரான்சிஸ்கோவும் சின்சினாட்டியும். முதல் பாதி 3-3, தூக்கம் வரும், நேராக நான்காவது குவாட்டருக்குப் போய்விடுங்கள். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி, மொன்டானா அணி மூன்று பாயிண்ட் பின்னால், எடுக்க வேண்டியது 92 யார்டு. அவர் யாருக்கு எறிகிறார் என்று பந்தைத் துரத்தாமல், எறியும் முன் அவர் காலைப் பாருங்கள், ஒரு இடத்தில்கூட அவசரம் இருக்காது.