மைதீன் என்று பெயர் வைத்தால் தப்பா?

மேலூர் வாசகி: என் அத்தா பெயர் மைதீன். மகனுக்கு அதையே வைக்க ஆசை. துபாயில் இருக்கும் தம்பியோ, அது பிழையான பெயர், முஹ்யித்தீன் என்றுதான் எழுத வேண்டும் என்கிறான். என்ன செய்யட்டும்?

தைரியமாக மைதீன் என்றே வையுங்கள் சகோதரி. மூலம் முஹ்யித்தீன் என்பது சரிதான், மார்க்கத்துக்கு உயிரூட்டியவர் என்று பொருள், 1166-ல் பக்தாதில் மறைந்த சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி அவர்களுக்கு வழங்கிய பட்டம். அவர் மேல் நம் மக்கள் வைத்த பிரியத்தில்தான் இங்கே இத்தனை மைதீனும் காதரும். ஆனால் பிழை என்று உங்கள் தம்பி சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. முஹம்மத் என்ற பெயரையே துருக்கியர் மெஹ்மெத் என்கிறார்கள், மேற்கு ஆப்பிரிக்காவில் மமது என்கிறார்கள், அவர்களை யாரும் திருத்தப் போவதில்லை. சீறாப்புராணம் பாடியவர் பெயரே உமறுப் புலவர்தானே, உமர் அல்லவே! அரபியும் இப்படி வாங்கிக்கொண்ட மொழிதான். இப்ராஹீம், யூசுப், மர்யம் எல்லாம் அதற்கு முந்தைய எபிரேய வழியில் வந்த பெயர்கள். கிரேக்க அலெக்சாண்டரின் முதல் 'அல்'லைத் தங்கள் மொழியின் முன்னொட்டு என்று நினைத்துப் பிரித்துவிட்டார்கள் அரபிகள், மிச்சம் இஸ்கந்தர் ஆனது, பாரசீகத்தில் அது சிகந்தர், மதுரையில் சிக்கந்தர். தலைமுறை தலைமுறையாக நம் வீட்டில் கூப்பிட்ட பெயரை அழித்துவிட்டு எழுதினால் அதில் உங்கள் அத்தா இருக்க மாட்டார்.

உசிலம்பட்டி வாசகர்: என் மகளின் தோழிகள் பர்வீன், சுரையா. இரண்டும் அரபிப் பெயர்களா?

சுரையா அரபி, பர்வீன் பாரசீகம். இரண்டும் ஒரே பொருள்தான், நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்! மெஹருன்னிசா மாதிரி இரண்டும் கலந்த பெயரும் உண்டு: மெஹர் பாரசீகச் சூரியன், நிசா அரபியில் பெண்கள்.

கோரிப்பாளையம் வாசகர்: பேரனுக்கு அப்துல் ரஹ்மான் என்று வைக்கப் போகிறோம். பள்ளியில் எல்லோரும் 'அப்துல்' என்று மட்டும் கூப்பிடுவார்களே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று எனக்குச் சொல்ல மனமில்லை. அப்த் என்றால் அடியார், 'உல்' அடுத்த சொல்லோடு கோக்கும் கொக்கி, அதனால் அப்துல் என்று நிறுத்தினால் யாருடைய அடியார் என்பதே விட்டுப்போகிறது. சரி, ரஹ்மான் என்று கூப்பிடலாமே என்றால், அது இறைவனின் திருப்பெயர், அப்த் இல்லாமல் தனியாக மனிதரை அப்படி அழைக்கக் கூடாது என்பார்கள் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள். உங்கள் பேட்டை தர்காவில் அடங்கியிருக்கும் அலாவுத்தீன், சம்சுத்தீன் பெயர்களும் இதே கட்டுதான், 'தீன்' என்றால் மார்க்கம். அவற்றை மட்டும் யாரும் இரண்டாக உடைப்பதில்லை, காரணம் நாம் ஒரே சொல்லாக எழுதிப் பழகிவிட்டோம். நீங்களும் அப்துர்ரஹ்மான் அல்லது அப்துல்ரஹ்மான் என்று இடைவெளி இல்லாமல் எழுதிக் கொடுங்கள், ஆங்கிலத்திலும் அப்படியே, அப்புறம் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் முதல் பெயர் கடைசிப் பெயர் என்று பிரிக்கும் வம்பே வராது. பிறந்து 12 மாதத்துக்குள் பெயரைப் பதிவில் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அதற்குள் முடித்துவிடுங்கள்.