லத்தீன் செய்யுள்ல டாக்டைல், ஸ்பாண்டின்னு ரெண்டு வகைச் சீர் வருதே, எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எந்த எழுத்துல ஸ்ட்ரெஸ் குடுக்கணும்?

இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிறீங்க போல, அதான் ஸ்ட்ரெஸ்னு கேக்குறீங்க. சிக்கலே அங்கதான். இங்கிலீஷ்ல அழுத்தம், லத்தீன்லயும் கிரேக்கத்துலயும் நீளம். குறில் நெடில் தெரிஞ்சவங்களுக்கு இதுல பயப்பட ஒண்ணுமில்ல.

நான் செமினரில லத்தீன் படிச்சவன். அங்க எங்க ஃபாதர் வெர்ஜிலோட ஈனிட் காவியத்து முதல் வரிய, 'அர்ம விரும்க்வெ கனோ, த்ரோயய் க்வீ ப்ரீமுஸ் அப் ஓரீஸ்'ங்கிறத, சீர் பிரிச்சு மேசையில தட்டியேதான் சொல்லித் தருவார்: அர்-ம-வி, ரும்-க்வெ-க, னோ-த்ரோய், யய்-க்வீ, ப்ரீ-மு-ஸ, போ-ரீஸ். நெடிலுக்கு கை மேசையிலயே கிடக்கும், குறிலுக்கு டக்குனு எடுத்துருவார். நெடில் குறில் குறில்னா டாக்டைல், ரெண்டு நெடில்னா ஸ்பாண்டி. ரெண்டு குறில் ஒரு நெடில் நேரம்ங்கிறதால முதல் நாலு சீர்ல எது வேணா வரலாம், அஞ்சாவது பெரும்பாலும் டாக்டைல்தான். 'அர்' குறிலாச்சேன்னா, உயிருக்குப் பின்னாடி ரெண்டு மெய் வந்தா நெடில் கணக்கு. 'ப்ரீமுஸ் அப் ஓரீஸ்'ல மெய் மேல அடுத்த வார்த்தையோட உயிர் ஏறிடுச்சு, நம்ம புணர்ச்சி மாதிரியே. 'கனோ'வுக்கு பேச்சுல அழுத்தம் 'க' மேல, சீர்ல நீளம் 'னோ'வுக்கு, அதனால ஸ்ட்ரெஸ்ஸ நம்பிப் போனா முதல் வரியிலயே மாட்டிப்பீங்க.

'த்ர்' மாதிரி மெய்க்கூட்டு வந்தா முன்னாடி இருக்கிற குறில் நெடிலாகணும்னு கட்டாயமில்லையேன்னு கமெண்ட்ல யாரும் கிளம்பாதீங்க, தெரியும். ஈனிட் எட்டாவது புத்தகத்துல குதிரைப்படை பாயுற வரி இருக்கே, க்வத்-ரு-பெ, தன்-தெ-பு, த்ரெம்-சொ-னி, தூ-க்வ-தி, துங்-கு-ல, கம்-பும், வரிசையா அஞ்சு டாக்டைல், வாய்விட்டுப் படிச்சா குளம்புச் சத்தமேதான், அதுல 'க்வத்ரு'ல நெடிலாகுது, 'புத்ரெம்'ல 'பு' குறிலாவே நிக்குது. ஒரே வரியில ரெண்டும்! கவிஞரோட சௌகரியம், நாம என்ன பண்ண.

இவ்வளவும் படிச்சுட்டு வந்தவன பொண்ணு பாக்கப் போன வீட்டுல ஒரு பெரியவர் "சாமியாருக்குப் படிச்சு பாதியில ஓடி வந்தவரா நீங்க"ன்னு கேட்டார். ஓடியெல்லாம் வரல சார், லெட்டர் எழுதிக் குடுத்துட்டு பஸ் ஏறித்தான் வந்தேன். இன்ஜினியரிங்க பாதியில விட்டவன இப்படி யாராவது கேக்குறாங்களா? சரி விடுங்க.

கிரேக்கம் இதவிட ஈஸி. எப்சிலான் ஈட்டா, ஓமிக்ரான் ஓமெகா எல்லாம் நம்ம எ ஏ, ஒ ஓ மாதிரி தனித்தனி எழுத்து, ஆல்ஃபா, அயோட்டா, உப்சிலான் மூணுக்குத்தான் அகராதி புரட்டணும். லத்தீனுக்கு, நெடில் மேல கோடு போட்டிருக்கிற பதிப்பாப் பாத்து வாங்குங்க.