ஸ்டிக் மாட்டியதும் கேபிள் சேனல் உடைகிறதே, ஏன்?

கேள்வி: மகன் டிவிக்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி மாட்டிக் கொடுத்தான் சார். அன்றிலிருந்து கேபிளில் சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைகின்றன, சத்தமும் விட்டு விட்டு வருகிறது. மற்ற சேனல்கள் பளிச்சென்று இருக்கின்றன. கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு, "வைஃபையாலதான்மா இப்படி வருது, இல்லைன்னா பாக்ஸை மாத்திடுங்க" என்கிறார். புது பாக்ஸுக்குப் பணம் கட்டலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். 'சில சேனல்கள் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

கேபிள் டிவி ஏறக்குறைய 47 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. அதை 8 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் பல சேனல்களைச் சேர்த்து அனுப்புகிறார்கள். வெளியிலிருந்து ஒரு இரைச்சல் ஒரு பட்டையில் விழுந்தால் அதிலுள்ள சேனல்கள் மொத்தமும் உடையும், பக்கத்துப் பட்டை ஜம்மென்று ஓடும். பாக்ஸே பழுது என்றால் பெரும்பாலும் எல்லாச் சேனலும் தகராறு செய்யும்.

வைஃபையைக் குறை சொல்வதும் சரியில்லை. அது 2,400 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, கேபிள் 862-லேயே முடிந்துவிடுகிறது. இரண்டும் மோதிக்கொள்ளும் தூரத்தில் இல்லை.

அப்புறம் எது? ஸ்டிக்கை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ மீதுதான் எனக்குச் சந்தேகம். ஸ்டிக் 1080பி படத்தை நொடிக்கு 60 ஃபிரேம் அனுப்பும்போது அந்த இணைப்பில் 148.5 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மடங்குகள் 297, 445.5, 594 என்று போகும், எல்லாமே கேபிள் டிவியின் எல்லைக்குள். நல்ல ஷீல்டு, அதாவது உலோக உறை, உள்ள எச்டிஎம்ஐ வயர் இதை உள்ளேயே அடக்கிவிடும், மலிவான மெல்லிய எச்டிஎம்ஐ எக்ஸ்டென்ஷன் வயர் வெளியே கசியவிடும். ஆனால் கசிவது மட்டும் போதாது, அது கேபிள் வயருக்குள் நுழைய ஒரு ஓட்டையும் வேண்டும். கேபிள் வயரின் முனையில் இருக்கும் எஃப் கனெக்டர் தளர்ந்துபோனது, கையால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், ஒரு வயரைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் துருப்பிடித்தது, இவைதான் அந்த ஓட்டைகள். நம் வீடுகளில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே இல்லை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, உடையும் சேனல்களின் எண்களை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்தால் ஸ்டிக் தூங்குமே தவிர நிற்காது, அதனால் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஸ்டிக்கையும் டிவியிலிருந்து கழற்றிவிட்டு அதே சேனல்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அப்போதும் உடைந்தால் ஸ்டிக்கின் மேல் குற்றமில்லை, வயரைத்தான் பார்க்க வேண்டும். சரியாகிவிட்டதென்றால், ஸ்டிக்கை டிவியில் சொருகாமல் அடாப்டரில் மட்டும் போட்டு வைத்துப் பாருங்கள். அதிலேயே உடைந்தால் பெரும்பாலும் அடாப்டர்தான் காரணம், ஒரிஜினல் அடாப்டருக்கு மாறுங்கள். டிவியில் சொருகிய பிறகுதான் உடைகிறது என்றால் எச்டிஎம்ஐ. இன்னும் உறுதி வேண்டுமானால் ஸ்டிக்கின் செட்டிங்ஸில் படத்தை 720பி ஆக்குங்கள், துடிப்பு 74.25-க்கு இறங்கிவிடும். உடைவது குறைந்தாலோ வேறு சேனலுக்குத் தாவினாலோ திருடன் அகப்பட்டான்.

சரிசெய்வதைக் கேபிள் வயரிலிருந்து தொடங்குங்கள். சுவரிலிருந்து பாக்ஸ் வரைக்கும் ஜாயின்ட் இல்லாத ஒரே ஆர்ஜி6 ரகக் கேபிள் வயர், இரண்டு முனையிலும் கருவியால் அழுத்திப் பொருத்திய கனெக்டர், இதைக் கேபிள்காரரிடம் கேட்டு வாங்குங்கள், ஒரு புது பாக்ஸின் விலையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஸ்ப்ளிட்டரில் சும்மா இருக்கும் வாயை 75 ஓம் டெர்மினேட்டர் போட்டு மூடச் சொல்லுங்கள். கேபிள் வயரையும் எச்டிஎம்ஐ வயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டாமல் ஒரு சாண் தள்ளிவையுங்கள். இவ்வளவு செய்தும் மிச்சம் இருந்தால், எக்ஸ்டென்ஷன் வயரை மாற்றிவிட்டு அதன் மேல் இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் மணியைக் கவ்வவிடலாம். பூஸ்டர் போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உள்ளே நுழைந்துவிட்ட இரைச்சலையும் சேர்த்துத்தான் அது பெரிதாக்கும்.

இன்னொன்று. செல்போனைப் பாக்ஸின் மேல் வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். 850 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடும் 4ஜியும் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடும் 5ஜியும் கேபிளின் எல்லைக்குள் வருகின்றன, வயரில் ஓட்டை இருந்தால் அவையும் நுழைந்துவிடும்.

கேள்வி: நான் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிவி தானாக ஸ்டிக்குக்கு மாறிவிடுகிறது. இதுவும் சிக்னல் கோளாறா?
- வாசகர், விருதுநகர்

பதில்: இல்லை. எச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி இன்னொன்றை எழுப்பும் சிஇசி வசதியின் வேலை அது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்ற பெயரில் டிவி செட்டிங்ஸில் இருக்கும், அணைத்துவிடுங்கள். ஸ்டிக்குக்கு மின்சாரம் டிவியின் யுஎஸ்பியிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். அந்த வாய் பல டிவிகளில் அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக் கேட்பது பெரும்பாலும் ஒரு ஆம்பியர். மின்சாரம் போதாமல் அது அணைந்து அணைந்து எழும்பினால், ஒவ்வொரு முறையும் டிவியைத் தன் பக்கம் இழுக்கும். கூடவே வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள்.